அண்ணன் கடைந்த புஷ்ஷும் திம்பம் மலை இறக்கமும்

அண்ணன் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், பட்டறை நண்பர்களுக்கும், தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களுக்கும் தங்கையின் பணிவான வணக்கம்.

என்னை எழுதச் சொன்னவுடன் மாதிரிக்கு என்று நான்கைந்து நினைவு மலர்களை வாங்கிப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இறந்தவர் அஞ்சா நெஞ்சராக இருக்கிறார். எதற்கும் கலங்காதவர், துணிவே உருவானவர் என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறார்கள். எங்கள் அண்ணனைப் பற்றி நான் அப்படி எழுதினால், படிக்கிற நீங்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். அண்ணன் பயந்த மனிதர். பல்லிக்குப் பயந்தார். இடிக்குப் பயந்தார். ஊசிக்குப் பயந்தார். போலீஸ்காரர் சைக்கிளில் போனால்கூட ஒதுங்கி நின்றார். இதையெல்லாம் எழுதக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அண்ணி என்னை மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அண்ணனைத்தான் என்னால் எழுத முடியும்.

அண்ணன் பிறந்தது பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் தோட்டத்தில். அண்ணனுக்குப் பதினெட்டு வயதும் எனக்கு ஐந்து வயதும் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று பார்க்கப் போனவர், கரண்ட் அடித்து அங்கேயே விழுந்துவிட்டார். முதலில் ஓடிப் போய்ப் பார்த்தவர் அண்ணன். அதற்கு முன்னால் அவர் மரத்துக்கு மரம் தாவுகிற பிள்ளையாக இருந்தாராம். அதற்குப் பிறகுதான் இப்படி ஆகிவிட்டார் என்று அம்மா சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு அமைந்ததும் மோட்டார், பம்பு வேலையாகவே இருந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தார். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, பத்து வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு பழைய லேத் போட்டார். பம்புக்கு வேண்டிய ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பது தொழில். புஷ் என்றால் என்னவென்று தெரியாத பெண்டு பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சுழலுகிற தண்டு ஆடாமல் இருக்க அதைச் சுற்றிப் போடும் பித்தளை வளையம். அண்ணன் கடைந்த புஷ் தண்டில் உட்கார்ந்தால் காற்று நுழைய இடமிருக்காது என்று கணபதி முழுவதும் பேர். மற்றவர்கள் ஒரு முறை அளக்கிற இடத்தில் அவர் நான்கு முறை அளப்பார். எல்லாரும் அதைத் திறமை என்று சொன்னார்கள். எனக்குத் தெரியும், அது பயம். தன் கையால் செய்த ஏதாவது ஒரு சாமான் சரியில்லாமல் போய், எங்கோ ஒரு கிணற்றடியில் யாரோ ஒருவர் விழுந்துவிடுவாரோ என்று ராத்திரி பகலாக அந்த மனிதருக்குப் பயம்.

என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரருக்குத் தாளவாடியில் பள்ளிக்கூட உத்தியோகம். தாளவாடிக்குப் போக வேண்டுமானால் சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி தாண்டி, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு கொண்ட திம்பம் மலை ஏறிப் போக வேண்டும். பேச்சு வந்த அன்றைக்கே அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாப்பிள்ளை தங்கமானவரு. அந்த ரோட்ட நெனச்சாத்தான் பயமா இருக்குது" என்றார். ஆனாலும் கட்டிக் கொடுத்தார்.

ஆறு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. ஏழாம் வருடம் தங்கியது. தாளவாடியிலிருந்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று பட்டறைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "பஸ்ஸுல எல்லாம் எங்கயும் போயராத கண்ணு. ஒம்பதாம் மாசம் நானே வந்து கூட்டியாறேன்" என்றார். ஆறு வருடம் காத்து வந்த பிள்ளையை, உலகத்திலேயே தான் அதிகம் பயந்த ரோட்டில், தானே இறக்கிக்கொண்டு வருவதென்று அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார்.

இங்கே அவர் வைத்திருந்த கறுப்பு காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணனின் வாழ்நாளில் ஒரே ஆடம்பரம் அது. ஒரு மில் அதிகாரி வீட்டில் முப்பது வருடம் ஓடி, ஓய்ந்து, ஷெட்டில் நின்றுகொண்டிருந்ததை வாங்கினார். ஊரெல்லாம் மாருதி வாங்கும்போது இவர் இந்தக் கிழட்டு வண்டியைத் தேடி வாங்கினார் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அதில் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே தண்டை ஒட்டி ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலும் கீழும் தள்ளித்தான் கியர் மாற்ற வேண்டும். கைப்பிடியிலிருந்து ஒரு நீளக் கம்பி இஞ்சினுக்குப் பக்கமாகக் கீழே இறங்கிப் போய் கியர் பெட்டியை அசைக்கும். அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிற புஷ் தேய்ந்து போயிருந்தது. கைப்பிடி கோழிக் கழுத்து மாதிரி ஆடும். இரண்டாவது கியர் என்று நினைத்துப் போட்டால் சில சமயம் வேறு எங்கோ போய் விழும். அண்ணனுக்கு மட்டும் அதன் பழக்கம் தெரியும். கொஞ்சம் தன் பக்கம் வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, எப்படியோ போட்டுவிடுவார்.

அப்படியே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என்னை அழைக்க மலை ஏற வேண்டும் என்றதும் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். "சைக்கிள் டியூப்புல ஒரு துண்டு வெட்டிச் சுத்தி உடுங்க. பத்து வருசம் ஓடும்" என்றாராம் அவர். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "மாசமா இருக்கற புள்ளையக் கூட்டியார வண்டிக்கு டியூப்பச் சுத்தச் சொல்றானே, நாம எதுக்கு லேத் வெச்சிருக்கறோம்?" என்று அண்ணியிடம் பொருமியிருக்கிறார். தானே பித்தளையில் ஒரு புஷ் கடைந்தார். இரண்டு நாள் கடைந்தாராம். பம்பு ஷாஃப்ட்டுக்குக் கடைகிற மாதிரி, காற்று நுழைய இடமில்லாமல். மாட்டிய பிறகு கைப்பிடி புது வண்டி போல ஆடாமல் நின்றது. அதிகாலையில் அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அண்ணியிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே அண்ணன் பாட்டுக்கூட முணுமுணுத்தாராம். அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அம்மாவும் ஒன்பதாம் மாதத்தில் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கட்டுச்சோற்றோடு தாளவாடி வந்தார்கள். அண்ணி தன் மகனுக்குப் பரீட்சை என்று வரவில்லை. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று அம்மா ஐந்து வகை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வளையல் போட்டார்கள். அண்ணன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்னுங்ணா, உண்ணமாட்டேங்கறீங்க?" என்றேன். "ஏறும்போது கைப்பிடி சித்தெ இறுக்கமா இருந்துச்சு கண்ணு. புதுசல்ல, பழகீரும்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. நாங்கள் மூன்று பேரும் மதியம் கிளம்பினோம். நானும் அம்மாவும் பின் சீட்டில். ஆசனூர் காடு வழியாக வரும்போது அண்ணன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். அந்த நாளில் அந்தக் காட்டைப் பற்றி யாருக்குத்தான் பயமில்லை? யானை ஒரு பக்கம், ஆளைக் கடத்துகிறார்கள் என்ற பேச்சு ஒரு பக்கம். அம்மா ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ கண்ணாடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்பது போல.

திம்பத்தில் இறக்கம் தொடங்கியது. முதல் மூன்று வளைவும் எப்படியோ வந்துவிட்டோம். நான்காவது வளைவுக்கு முன்னால் அண்ணன் இரண்டாவது கியருக்கு மாற்றக் கைப்பிடியைப் பிடித்தார். மூன்றாவதிலிருந்து அது வெளியே வந்தது. வந்து நடுவிலேயே நின்றுவிட்டது. மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. வெல்டு வைத்த மாதிரி நின்றுவிட்டது.

கியர் இல்லாத வண்டி இறக்கத்தில் எப்படிப் போகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இஞ்சின் சும்மா உறுமியது. வண்டி தன்னால் வேகம் பிடித்தது.

"என்னுங்ணா?"

"கியர் உளுகமாட்டேங்குது. புடிச்சுக்குங்க. ரெண்டு பேரும் நல்லாப் புடிச்சுக்குங்க."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா "பண்ணாரித் தாயே, பண்ணாரித் தாயே" என்று ஆரம்பித்தார். அண்ணன் பிரேக்கை அழுத்திக்கொண்டே அந்த வளைவை எடுத்தார். டயர் கிறீச்சிட்டது. கருகல் நாற்றம் வந்தது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், மறுபடி கைப்பிடியைக் குத்தினார், மறுபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "பிரேக்கு உள்ள போகுது, உள்ள போகுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வலது பக்கம் பள்ளம். அடியில் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டேன். என்னைக் காப்பாற்று என்று சாமியிடம் கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆறு வருடம், ஆறு வருடம் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது.

கீழேயிருந்து மூங்கில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லாத ரோடு. அண்ணன் ஏதோ கத்தினார். வண்டியை இடது பக்கம் மலையோடு சேர்த்து ஒடித்தார். கதவு பாறையில் உரசி ஒரு சத்தம் வந்தது, இன்றைக்கும் தகரம் உரசுகிற சத்தம் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். இடது சக்கரங்கள் இரண்டும் ரோட்டோர ஓடைக் குழியில் இறங்கி, வண்டி ஒருச்சாய்ந்து நின்றுவிட்டது. நான் முன் சீட்டில் மோதி, அம்மாவின் மேல் விழுந்தேன்.

அப்புறம் அம்மா, "ஏஞ்சாமி, உசுரோட இருக்கறயா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. மூவரையுமே கேட்டிருப்பார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "கொழந்த அசையுதா கண்ணு?"

குழந்தை அசையவில்லை. காலையிலிருந்து வயிற்றைப் புரட்டியெடுத்த பிள்ளை, அந்த மோதலுக்குப் பிறகு கல்லாக இருந்தது. நான் அண்ணனின் கையைப் பார்த்தேன். வண்டி நின்ற பிறகும் அது கியர் கைப்பிடியைக் குத்திக்கொண்டே இருந்தது. உள்ளதைச் சொன்னால் இவரால் இந்த மலையில் வண்டியை இறக்க முடியாது என்று தோன்றியது.

"அசையுதுங்ணா" என்றேன்.

லாரிக்காரரும் அவர் கிளீனரும் இறங்கி ஓடி வந்து எங்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். லாரிக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்ன செய்தி நல்ல செய்தி இல்லை. "ஏனுங்க, இந்த எடத்துல நெம்ப நேரம் நிக்காதீங்க. பொழுது சாஞ்சா கீழ தண்ணிக்கு ஆனை வாரதுங்க. இப்பவே ரெண்டு வளைவு தள்ளி ஒண்ணு நிக்குதுங்க" என்றார். எங்களை ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை. அவர் மேலே போகிறவர். அம்மா பாதி இறங்கிய ஜன்னலை மறுபடி ஏற்றினார்.

அண்ணன் பானெட்டைத் திறந்து தண்டின் அடியில் கையை வைத்தார். சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். அப்படியே நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வண்டி மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான். கம்பி சூட்டுல பெருக்கும்ங்கறத மறந்து, துளி எடம் உடாமக் கடஞ்சுபோட்டேன். பயத்துல கடஞ்சுபோட்டேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். பழைய வண்டி, பழுதாகிவிட்டது என்றால் யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? கணபதியிலேயே பேர் வாங்கிய மனிதர், முன்பின் தெரியாத லாரிக்காரர் முன்னால் தன் தப்பைச் சொல்லிக்கொண்டு நின்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேசறதுக்கு இதா நேரம்? கைய ஓட்டு சாமி, ஆனை வருதுங்கறாங்க" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

ஆற விட்டால் கியர் விழும். ஆனால் சூடேறினால் மறுபடி எந்த வளைவில் பிடித்துக்கொள்ளுமோ தெரியாது. புஷ்ஷையே கழற்றிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். இரண்டு போல்ட் கழற்ற வேண்டும். ஸ்பேனர் அவர் கையில் நிற்கவில்லை. இரண்டு தரம் நழுவி இஞ்சின் வழியாக ரோட்டில் விழுந்தது. நான் அம்மா தடுக்கத் தடுக்கக் கதவைத் திறந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "எங்கிட்டக் குடுங்ணா, நான் வெச்சுக்கறேன்" என்று கழற்றிய போல்ட்டை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். சுட்டது. பரவாயில்லை. கையில் ஏதாவது பிடித்துக்கொள்ள எனக்கும் வேண்டியிருந்தது. கீழே காட்டுக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டது. யானையா காற்றா என்று யாரும் கேட்கவில்லை.

புஷ் வெளியே வந்தது. தங்கம் மாதிரி மின்னியது. அண்ணன் அதைத் துண்டில் பிடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஓடைக் குழியில் வீசினார். இப்போது கம்பி ஒன்றுமில்லாமல் ஆடியது. அந்த இடத்தில் வைக்க, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற ஏதாவது வேண்டும். சைக்கிள் டியூப்பு இருந்தால் போதும், ஆனால் அந்த மலையில் எங்கே போவது? அண்ணன் சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கட்டுச்சோற்றுக்கு என்று வாங்கிப் போட்டிருந்த புதுத் தோல் செருப்பு. லாரிக்காரரிடம் கத்தியும் கொஞ்சம் கிரீஸும் வாங்கி, செருப்பின் தோலைப் பட்டையாக அறுத்து, கிரீஸில் தோய்த்துக் கம்பியைச் சுற்றி வைத்து, போல்ட்டை முடுக்கினார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பழையபடி ஆடியது. இரண்டாவது கியர் 'டக்' என்று விழுந்தது.

லாரிக்காரரும் கிளீனரும் தள்ளிவிட, வண்டி குழியை விட்டு ஏறியது. லாரிக்காரர் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் வெறுங்காலோடு இருபதுக்கு மேற்பட்ட வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே வண்டியை இறக்கினார். வளைவுக்கு வளைவு, "அசையுதா கண்ணு?" என்பார். "அசையுதுங்ணா" என்பேன். வளைவுக்கு வளைவு பொய். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிடி இறுகிக்கொண்டே வந்தது. யானை நின்ற இடத்தில் சாணம் மட்டும் கிடந்தது. அதைத் தாண்டியபோது எனக்குத் துளியும் நிம்மதி வரவில்லை. என் பயம் வேறு இடத்தில் இருந்தது.

பண்ணாரியில் வண்டி நின்றது. அம்மா அம்மன் முன்னால் போய் விழுந்தார். அண்ணன் ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு வாய் குடித்தேன். வயிற்றுக்குள் இடது பக்கம் ஓங்கி ஓர் உதை விழுந்தது. கையிலிருந்த பாட்டில் நழுவி உடைந்தது. நான் ரோட்டோரத்தில் நின்று ஓவென்று அழுதேன். "இப்பத்தானுங்ணா அசையுது, இப்பத்தானுங்ணா" என்றேன்.

அண்ணனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்தபோது அழாத மனிதர் என்று சொல்வார்கள். அன்றைக்கு அழுதார்.

மகள் பிறந்தாள். பேர் வைக்கிற அன்று சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கூடியிருக்கும்போது, திம்பத்தில் நடந்ததை யாரோ கேட்டார்கள். அண்ணன் மறைக்கவில்லை. பட்டறைக்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, தான் கடைந்த புஷ்தான் காரணம் என்று முழுவதும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இந்த மலரையும் வாங்கியிருப்பார்கள், நன்றாக இருக்கட்டும்.

ஐந்தாம் மாதம் என்னையும் பிள்ளையையும் தாளவாடிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. "வண்டியிலதான் கொண்டாந்து உடுவேன். புஷ்ஷ மாத்திப்போட்டேன். எடம் உட்டு, கிரீஸு போக வழி வெச்சுக் கடஞ்சிருக்கறேன். பயப்படாத ஏறு அம்மணி" என்றார். அவர் வாயில் பயப்படாதே என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி, அம்மா எல்லாரும் பார்க்க, "உங்க வறட்டு கௌரவத்துக்கு எம் புள்ளதான் கெடச்சுதா? சனம் சிரிச்சது பொறுக்கல உங்களுக்கு. அதுக்கோசரம் எங்களக் கொல்லப் பாக்கறீங்க" என்று கத்திவிட்டேன். அண்ணன் சிரித்த மாதிரி ஒன்று செய்துவிட்டு பிள்ளையின் தொட்டிலை ஆட்டினார். கடைசியில் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் ஏறினேன். முழு மலையும் கண்ணை மூடிக்கொண்டு போனேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அதே வண்டியில்தான் எங்களை இறக்கினார், ஏற்றினார். ஒரு நாளும் கியர் பிடிக்கவில்லை.

போன வருடம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நாற்பத்தேழு வயது. ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், "சித்தெ பொறுங்க, எந் தங்கச்சி கையப் புடிச்சுக்கறேன்" என்பார். பிடித்துக்கொள்வார். பத்தாம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பயப்படாமல் போனார் என்று டாக்டர் சொன்னார். அதை நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணனின் கடைசி நாட்களில் உடனிருந்த அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும், ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும், லேத்தை நிறுத்திவிட்டு மாறி மாறி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த பட்டறைத் தொழிலாளர்களுக்கும், பதினாறாம் நாள் காரியம் வரை அடுப்படியை விட்டு நகராத பக்கத்து வீட்டுச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. திம்பத்து லாரிக்காரருக்கும் நன்றி, அவர் எங்கிருந்தாலும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். காரியத்தன்று பண்ணாரியில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. என்னிடம் வந்து, "நீங்கதான் தாளவாடித் தங்கச்சிங்களா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். அஞ்சு வருசத்துக்கு முந்தி, ஒரு வாரம் முழுக்க அண்ணன் அந்தக் கறுப்பு காரில் தனியாக வந்தாராம். வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்து மலை ஏறுவாராம், இறங்குவாராம். ஒவ்வொரு முறை இறங்கி வந்ததும் அவர் கடையில் உட்கார்ந்து டீ வாங்குவாராம். கை நடுக்கத்தில் பாதி டீ சட்டையில்தான் போகுமாம். அந்த வாரம் முழுக்க சத்தியமங்கலத்தில் பம்பு வேலை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். நான் அவரைத் திட்டியதற்கு முந்தைய வாரம் அது.

"பின் சீட்டுல மணல் மூட்டை ரெண்டு வெச்சிருப்பாருங்க" என்றார் பெரியவர். "ஆளு கனத்துக்கு. அதுல ஒண்ணு மேல, ஆறேழு கிலோ இருக்கும், சின்ன மூட்டை ஒண்ணு. துண்டு சுத்தி வெச்சிருப்பாரு. வண்டிய நிறுத்துனதும் டீயக்கூடக் கேக்கமாட்டாருங்க. மொதல்ல பின்கதவத் தொறந்து அந்தச் சின்ன மூட்டை உருண்டிருக்குதான்னுதான் பாப்பாரு. இது எதுக்குங்கன்னு ஒரு நாளு கேட்டனுங்க. எந் தங்கச்சி கொழந்தைங்கன்னாரு."

அண்ணா, அன்றைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்குங்கண்ணா.

கண்ணீருடன்,
தங்கை